பத்தொன்பது நிமிடம்

மின்சாரக் கார் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைத்தான். அது பாதிக் கேள்வி. வீட்டுக்கும் வேலைக்குமாகப் போய் வருகிறவருக்கு எந்த வண்டியும் போதும். நெடுந்தூரம் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: வழியில் நின்றால், மறுபடி கிளம்ப எத்தனை நிமிடம் ஆகும்?

ஒன்பது வருஷமாக நான் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வாகனப் பத்திரிகையில் வருஷத்துக்கு ஒரு முறை அந்த அட்டவணை வரும். இருபத்து நாலு வண்டிகள், இருபத்து நாலு எண்கள். அச்சகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு முற்றம் இருக்கிறது. அங்கே ஒரு வேக சார்ஜர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். பேட்டரியைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் செருக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வர வேண்டும். எண்பது ஆனதும் நிறுத்த வேண்டும். ஏன் எண்பது என்று எல்லாரும் கேட்பார்கள். காலிப் பேருந்தில் ஏறுகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், கூட்டம் சேரச் சேர ஒவ்வொருவராகத் தேடித்தான் உட்கார வேண்டியிருக்கும், பேட்டரியும் அப்படித்தான் என்று நான் சொல்வேன். எண்பதுக்கு மேல் எல்லா வண்டியும் நகர மறுக்கும். சில வண்டிகள் அதற்கு முன்பே மறுக்கும். எது எங்கே மறுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

என் வேலையில் நான் ஒழுங்கானவன். உங்கள் நுகர்வோர் ஆணையத்துக்கு வந்திருக்கும் புகார்கள் பதினாலும் ஒரே ஒரு எண்ணைப் பற்றியவை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மற்ற இருபத்து மூன்று எண்களிலும் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. போன வருஷத்து அட்டவணையில் முதல் வரிசை, சாம்பல் நிறச் சின்ன வண்டி, பத்தொன்பது நிமிடம். அது எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சார்ஜரில் கோளாறு இருந்ததாகச் சொல்லிவிடும்படி எங்கள் ஆசிரியர் நேற்றுச் சொன்னார். சார்ஜரில் ஒரு கோளாறும் இல்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. இருபத்து மூன்று வண்டிகள் முடிந்திருந்தன. கடைசி வண்டி மதியம் ஒரு மணிக்கு வந்தது, ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்தபோது பேட்டரியில் தொண்ணூற்று மூன்று இருந்தது. அதைப் பத்துக்கு இறக்க மூன்று மணி நேரம் ஓட்டியாக வேண்டும். ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் நானே ஓட்டினேன். நாலு சுற்று. நாற்பத்தொன்றுக்கு வந்தபோது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து செருகினேன். நாற்பத்தொன்றிலிருந்து அறுபதுக்கு ஐந்தே நிமிடத்தில் ஏறியது. நல்ல வேகம். அதற்குள் கம்பெனி டிரைவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் நின்றுவிட்டார்.

அதே கம்பெனியின் பெரிய வண்டியை அந்த வாரம்தான் அளந்திருந்தேன். அது கடைசிவரை சீராக ஏறிய வண்டி. சின்னதும் அப்படித்தான் ஏறும் என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போட்டேன். பத்தொன்பது வந்தது. அட்டவணையின் கீழே, எல்லா வண்டிகளும் எங்கள் முற்றத்தில் பத்திலிருந்து எண்பதுவரை அளக்கப்பட்டவை என்று ஒரு வரி வருஷா வருஷம் இருக்கும். அதை நான் எடுக்கவில்லை. "இருபத்து நாலும் அளந்தாச்சா?" என்று ஆசிரியர் கேட்டார். "ஆச்சு" என்றேன்.

அந்த எண் பன்னிரண்டாவது வரிசைக்கோ பதினைந்தாவது வரிசைக்கோ போயிருந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் வரிசைக்கு வந்தது அதன் தலையெழுத்து.

நீங்கள் கேட்டதற்கான பதில் இத்தோடு முடிந்துவிட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டாம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு ஒரே தங்கை. மருந்துக்கடையில் மருந்தாளுநர். டாக்டரின் கோழிக் கிறுக்கலைப் படித்து, மாத்திரையை எடுத்து, பெயரைப் பார்த்து, அளவைப் பார்த்து, மறுபடி பெயரைப் பார்த்துக் கொடுப்பாள். பதினேழு வருஷத்தில் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். அவருக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. குடித்துக் கெட்டுப்போகவில்லை, பிறவியிலேயே இருந்த ஏதோ ஒரு குறை. வேறு ஒருவரின் கல்லீரலை வைத்தால்தான் பிழைப்பார் என்று சொல்லிக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து நானூற்றுப் பத்து கிலோமீட்டர். எந்த நாளில், எந்த மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் ஐந்து மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அவர்களிடம் இருந்தது ஒரு பழைய வண்டி, நாலு தடவை முறுக்கினால்தான் உயிர் வரும். புது வண்டி வாங்க முடிவு செய்தபோது தங்கை என்னிடம்தான் வந்தாள். எங்கள் அலுவலகத்து மாடிப்படியில் நின்றுகொண்டே கேட்டாள்.

"அண்ணா, வழியில ஒரே ஒரு இடத்துலதான் வேக சார்ஜர் இருக்கு. அங்க சீக்கிரம் ஏறணும். மத்தது எதுவும் எனக்கு வேண்டாம். உன் லிஸ்ட்ல முதல்ல இருக்கே, அதையே எடுத்துடட்டுமா?"

அப்போது அட்டவணை வெளிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது வரிசையில் இருந்த வண்டி இருபத்திரண்டு நிமிடம். அதை நான் கடைசிவரை என் கையால் அளந்திருந்தேன். அதை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் முதலாவது வேண்டாம் என்று அவள் கேட்டிருப்பாள்.

"எடு" என்றேன்.

எனக்கு அப்போது அந்த எண் பொய் என்று தெரியாது. சரியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, முதல் வரிசையில் பேனாவால் கோடு போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "மச்சான் கையெழுத்து மட்டும்தான் பாக்கி, போட்டுட்டீங்கன்னா ஃபிரேம் பண்ணிடலாம்" என்பார். தன் நோயைப் பற்றியும் அவருக்கு வேடிக்கைதான். "மேல கூப்பிட்டாங்கன்னா எனக்குக் கஷ்டமே இல்ல. ஆயுசு முழுக்க மேலயும் கீழயும் போய்த்தான பழக்கம்." தங்கை கரண்டியால் அவர் தோளில் ஒன்று வைப்பாள்.

வண்டியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குளிர் நாளில் பேட்டரி விறைத்துப் போயிருக்கும், அப்படியே செருகினால் ஏறாது. சார்ஜருக்குப் போவதற்கு முக்கால் மணி முன்னாலேயே திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி ஓடும்போதே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். அவள் அதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் வண்டியைச் செருகுவாள். எட்டு மாதத்தில் ஒரு காலையிலும் அந்த வண்டி நூறுக்குக் குறைந்து அவள் வீட்டு வாசலில் நின்றதில்லை.

அழைப்பு குளிர் காலத்தில் வந்தது. காலை ஒன்பது மணி. இரண்டு மணிக்குள் வந்துவிடுங்கள் என்றார்கள். ஒன்பதேகாலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பதினொன்று இருபதுக்குச் சார்ஜர் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், பேட்டரியில் பத்து. பத்தொன்பது நிமிடத்தில் கிளம்பியிருந்தால் ஒன்றரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்கள். அரை மணி நேரம் கையில் மிச்சம்.

அவர்கள் அங்கிருந்து கிளம்பியபோது பன்னிரண்டு முப்பத்தாறு. அந்த வண்டி அறுபதுவரை ஓட்டமாக ஓடும், அதற்கப்புறம் மூச்சு வாங்கும். அறுபதிலிருந்து எண்பதுக்குப் போக மட்டும் ஐம்பது நிமிடம் ஆனது. எண்பது இல்லாமல் மிச்ச தூரத்தைக் கடக்க முடியாது, நடுவில் வேறு வேக சார்ஜர் கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தாள். இரண்டேகால்வரை பொறுப்போம் என்றார்கள். இவர்கள் போய் நின்றது இரண்டு இருபத்தாறுக்கு. பட்டியலில் அடுத்து இருந்தவரை அறுவை அறைக்குள் கொண்டுபோய்ப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி மேல் ஒரு பிழையும் இல்லை. யாரோ ஒருவர் பிழைத்தார். அப்படியும் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு இன்னொரு அழைப்பு வரவில்லை. நாலரை மாதம் இருந்தார்.

அந்த நாலரை மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் தங்கை வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டாள். முந்தின நாள் கட்டியிருந்த அதே புடவை. சாவியை என் மேசையில் வைத்தாள்.

"வண்டிக்குள்ள எல்லாம் பதிவாகும்னு சொல்லுவியே. எடுத்துப் பாரு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்."

வண்டியின் பதிவை என் கணினியில் இறக்கினேன். அவள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் வருவது அவளுக்கு ஒன்றும் புரியாது, வெறும் எண்களும் நேரங்களும். பத்து முப்பத்தெட்டுக்கு அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. சூடாக்கி நாற்பத்திரண்டு நிமிடம் ஓடியிருந்தது. சார்ஜரைச் செருகியபோது பேட்டரி எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டுமோ அவ்வளவு சூட்டில் இருந்தது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை என்னைவிடச் சரியாகச் செய்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த கடிகாரம் ஒன்றே ஒன்றுதான், அது ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு திரும்பி, ரொம்ப மெதுவாக, "சூடாக்குற பொத்தானை அழுத்தினியா?" என்று கேட்டேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

"அழுத்தினேன் அண்ணா. அழுத்தினதா ஞாபகம் இருக்கு."

"அழுத்தினதா ஞாபகம் இருக்கறது வேற, அழுத்தினது வேற. பதட்டத்துல இருந்திருப்ப."

"இதுல இல்லையா?"

"இதுல இல்ல."

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள், கடையில் வந்த சீட்டை வாங்கிப் படித்துவிட்டு ஆட்டுவாளே, அதே மாதிரி. மேசையில் இருந்த சாவியை எடுக்காமலே எழுந்து போனாள். பேருந்தில்தான் வீட்டுக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அவள் வண்டி ஓட்டவில்லை.

நான் நினைத்தது இதுதான்: இப்போது உண்மையைச் சொன்னாலும் கல்லீரல் திரும்பி வராது. அவளுக்கு ஒரு தப்பு நடந்துவிட்டது என்கிற வருத்தம் இருக்கும், காலம் போகப் போக ஆறிவிடும். எனக்கோ பேர் போய்விடும், அவளுக்கு இருக்கிற ஒரே அண்ணனும் போய்விடுவான். யாருக்கு என்ன லாபம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி யோசித்தபோது அது நியாயமாகத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளையை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். தங்கை சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கண் மஞ்சள் பூத்து, கை காலெல்லாம் சுள்ளியாகி, வயிறு மட்டும் பெருத்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மச்சான், அவ அந்தப் பொத்தானை அழுத்தினா. நான் பக்கத்து சீட்ல இருந்து பாத்தேன். ஒட்டி வச்சிருந்த சீட்டைப் படிச்சுட்டு அழுத்தினா."

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"ஆனா மெஷின்ல இல்லன்னு நீங்க சொல்றீங்க. மெஷின் பொய் சொல்லாது, எனக்குத் தெரியாதா. லிஃப்ட்ல நான் பாத்திருக்கேனே, மனுஷங்கதான் அழுத்தினேன் அழுத்தினேன்னு சொல்லுவாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எனக்கும் அப்பப்ப தலை குழம்புது. நேத்து அவளையே யாருன்னு கேட்டேனாம்."

கல்லீரல் போனவர்களுக்கு அப்படி வரும், புத்தி தடுமாறும். டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார். எனக்கு அது தெரியும்.

"ஆமா மாப்பிள்ளை" என்றேன். "உடம்பு அப்படி. தூங்குங்க."

அவர் என் கையை விட்டுவிட்டு, "அவகிட்ட நான் கோவப்பட்டதில்ல மச்சான், அதை மட்டும் நீங்க அவளுக்குச் சொல்லணும்" என்றார். சொல்லியிருக்கிறேன். அதை மறக்காமல் செய்தேன்.

இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இங்கே வரும்போது படியேறிக்கொண்டே நினைத்தேன். உங்களுக்கு அவை தெரிய வழியில்லை.

முதலாவது. வண்டி வாங்கும்போது எனக்கு அந்த எண் பொய் என்று தெரியாது என்று சொன்னேன், நீங்களும் குறித்துக்கொண்டீர்கள். அது சரிதான். ஆனால் அவள் வாங்கி மூன்று வாரம் கழித்து ஒரு வாசகர் எழுதியிருந்தார், தன் வண்டி முக்கால் மணிக்கு மேல் எடுக்கிறது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தங்கையின் வண்டியை வாங்கிக்கொண்டு போனேன். முற்றத்தில் யாரும் இல்லை. இந்தத் தடவை மூன்று மணி நேரமும் ஓட்டி, ஒழுங்காகப் பத்துக்கு இறக்கி, எண்பதுவரை உட்கார்ந்து அளந்தேன். நல்ல வெயில் நாள். நாற்பத்தேழு நிமிடம்.

அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கொண்டுபோய் அவள் வாசலில் விட்டேன். "சக்கரம் எப்படி இருக்கு?" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அழைப்பு வருகிறவரை ஏழு மாதம் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. முப்பது தடவையாவது அந்த ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்திருப்பேன். அடுத்த வருஷ அட்டவணையில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று இருந்தேன். வண்டியை மாற்றிக்கொள் என்று அவளிடம் சொல்ல ஏதாவது ஒரு நல்ல காரணம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டும் இருந்தேன். அழைப்பு வர இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை நம்பினேன். எனக்கு வசதியாக இருந்ததை எல்லாம் நம்பினேன்.

இரண்டாவது.

அன்றைக்குச் சார்ஜர் பக்கத்திலிருந்து அவள் எனக்கு போன் செய்தாள். பதினொன்று நாற்பத்தெட்டு, என் போனில் இன்னும் இருக்கிறது. வண்டி அறுபத்தொன்றைத் தொட்டுவிட்டு நின்றிருந்தது.

"அண்ணா, ஏற மாட்டேங்குது. நிமிஷத்துக்கு ஒண்ணுகூட ஏறல."

"குளிர்ல கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும். பதறாத."

"இங்க ஒருத்தர் சலவைக் கம்பெனி வேன் வச்சிருக்கார். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் கொண்டு போறவராம், அந்த ஊருக்குத்தான் போறார். சார்ஜ் ஏத்திட்டுக் கிளம்பிட்டார். எங்களையும் ஏத்திக்கறேங்கறார். வண்டியை இங்கயே விட்டுட்டுப் போயிடட்டுமா?"

பின்னால் அந்த ஆள் பேசுவது எனக்குக் கேட்டது. "வாங்கம்மா, பின்னாடி துணி மூட்டை மேல படுத்துக்கட்டும், ஒண்ணே முக்காலுக்குக் கொண்டு விட்டுடறேன்." நிதானமான குரல். யாரென்று தெரியாதவர்.

நான் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இழுப்பறையில் அந்த மடித்த காகிதம் இருந்தது. அறுபதுக்கு மேல் அந்த வண்டி எப்படி நகரும் என்று நிமிடம் நிமிடமாக அதில் எழுதியிருந்தேன். வெயில் நாளிலேயே முப்பது நிமிடம் இழுத்தது. குளிரில் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகக் கணக்குப் போடக்கூடியவர் இந்த ஊரில் இல்லை. போ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் போ என்றால், அந்த எண் தப்பு என்று எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்பாள். அவள் விடாமல் கேட்கிறவள்.

"வேண்டாம்" என்றேன். "முன்னப்பின்ன தெரியாத வேன்ல நோயாளியை ஏத்தாத. பத்து நிமிஷத்துல எண்பது ஆயிடும், இரு."

"நிச்சயமா?"

"நான் அளந்த வண்டி."

அவள் அந்த மனிதருக்கு நன்றி சொல்லி அனுப்பியதும் எனக்குப் போனில் கேட்டது. வேன் கிளம்பிய சத்தமும் கேட்டது.

அதைப் பற்றியும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அவளே எனக்காகச் சமாதானம் சொல்லிவிட்டாள்: நான் பொத்தானை அழுத்தியிருப்பேன்னு நெனச்சுத்தானே அண்ணா நீ இருக்கச் சொன்ன, உன் மேல என்ன தப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்தேன் என்று நினைத்திருப்பாள். அதுவும்தான்.

மாப்பிள்ளை போன பிறகு அவள் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். "என் கை மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. ஒரு பொத்தானை அழுத்தாம அழுத்தினேன்னு நெனைக்கற கை, நாளைக்கு எந்த மாத்திரையை எடுக்கும்னு யாருக்குத் தெரியும்." பதினேழு வருஷம் வேலை செய்த இடம். கடை முதலாளி வீட்டுக்கே வந்து கேட்டும் போகவில்லை. இப்போது அடுப்பை அணைத்தாளா, குழாயை மூடினாளா, கதவைப் பூட்டினாளா என்று அவளுக்குத் தெரிவதில்லை. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவாள், மறுபடி வருவாள், மறுபடி போவாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை எனக்கு போன் வரும். "அண்ணா, பூட்டினேனான்னு தெரியல." நீ பூட்டியிருப்ப, நீ எதையும் மறக்கிறவள் இல்லை என்று நான் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குப் பயம். வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டியிருக்கு" என்பேன். ஒவ்வொரு தடவையும் பூட்டித்தான் இருந்தது.

அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்கிற நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் இறங்கும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

பதிவின் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன், பத்து முப்பத்தெட்டு என்று இருக்கும் இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். மடித்த காகிதமும் இருக்கிறது. வேலை போகட்டும். பத்திரிகையில் என் பேரைப் போட்டே எழுதட்டும். வழக்கு என்றால் வழக்கு. எதற்கும் நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. மாப்பிள்ளை சாக நான்தான் காரணம், அந்த வேனை நான்தான் போகவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதன் நகல் என் தங்கைக்குப் போக வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அவள் இப்போதுதான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்க ஆரம்பித்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணா, நான் பண்ணினதுக்கு நீயாவது என்னை மன்னிச்சியா?" என்று கேட்டாள். எப்போதோ மன்னித்துவிட்டேன் என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை அவளிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வரவில்லை.